மூன்று விளையாட்டும் ஆடட்டும், காணி உறுதியைத் தொடாதீர்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் போன சனிக்கிழமை மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு அவளோடு என்னிடம் வந்திருந்தார்கள். பிள்ளை உயர்தரம் வணிகப் பிரிவு, ரிசல்டுக்குக் காத்திருக்கிறாள். பாடசாலை வலைப்பந்தாட்ட அணித் தலைவி. ஈட்டி எறிதலிலும் உயரம் பாய்தலிலும் மாகாண மட்டம் வரை போனவள். தாய் மேசையில் வைத்த பைலின் முன்பக்கம் முழுக்க ஒரு தனியார் நிறுவனத்தின் லண்டன் டிகிரி விளம்பரத் தாள்கள். சான்றிதழ்கள் கடைசி உறைக்குள் நாலாக மடித்துக் கிடந்தன. ஒன்று மடிப்போடு கிழிந்தே போயிருந்தது.

"பெரியப்பா லண்டனில இருந்து ஒவ்வொரு நாளும் எடுக்கிறார், அக்கவுண்டிங் படிச்சால்தான் மரியாதையாம். இவள் விளையாட்டிலயும் ஒன்றைப் பிடிச்சு நிற்கிறாளில்லை" என்றார் தாய். ஊர்க் காணியை ஈடு வைத்து முதல் வருடக் காசைக் கட்டப்போவதாகத் தகப்பன் சொன்னார். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சரிவரும் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அம்மா, ஐயா, அந்தக் காணியில் கை வைக்காதீர்கள். அந்தத் தாள்களில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் தவணைக் காசு மட்டும்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான பதிவுக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் பிரித்தானியப் பவுண் காசில் வரும். 2022இல் ரூபாய் விழுந்தபோது பாதிப் படிப்பில் நின்ற பிள்ளைகளை நான் இதே கதிரையில் இருத்திப் பேசியிருக்கிறேன். பிள்ளைக்குக் கணக்கில் ஆசை என்றால் கடன் பட்டாவது படிப்பிக்கலாம். ஆசை பெரியப்பாவுக்குத்தானே?

ஒன்றைப் பிடிச்சு நிற்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அமெரிக்காவில் பேப் டிட்ரிக்சன் என்று ஒரு பெண் இருந்தார். டெக்சாஸ்காரி. ஒரு காப்புறுதி நிறுவனம் அவரைத் தட்டச்சு வேலைக்கு எடுத்ததே தன் கூடைப்பந்து அணிக்காகத்தான். 1932இல் நடந்த தேசிய மெய்வல்லுநர் போட்டியில் அந்த நிறுவனத்தின் அணி என்று இறங்கியது அவர் ஒருவர் மட்டும். 30 புள்ளி எடுத்தார். இரண்டாமிடம் வந்த அணியில் 22 பெண்கள், அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 22 புள்ளி. அதே வருடம் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலிலும் 80 மீற்றர் தடைதாண்டலிலும் தங்கம், உயரம் பாய்தலில் வெள்ளி. பிறகு கோல்ஃப் பக்கம் திரும்பி அங்கேயும் முதலிடத்துக்கு வந்தார். 1953இல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை. 1954இல் அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் பட்டத்தை 12 ஸ்ட்ரோக் (பந்தை அடிக்கும் தடவை) வித்தியாசத்தில் வென்றார். 45 வயதில் இறந்துபோனார். உங்கள் மகள் பேப் ஆவாள் என்று நான் சொல்லவில்லை. ஒரு உடம்பு பல விளையாட்டைப் பழகுவதைக் கவனச் சிதறல் என்று சொல்லாதீர்கள், அதுவே ஒரு திறமை.

பிள்ளையிடம் கேட்டேன், பயிற்சியில் எது பிடிக்கும் என்று. எழும்பி நின்றாள். "சின்னாக்கள் கோலுக்கு எறியேக்க முழங்கால் மடிக்கிறதில்லை, கையால மட்டும் தள்ளுதுகள். பந்தை விடுறதுக்கு முதல் இப்பிடி இறங்கோணும்" என்று அறைக்குள்ளேயே செய்து காட்டினாள். பத்து நிமிடம் நிறுத்தாமல் கதைத்தாள். தாய் அவளை வேறு யாரோ பிள்ளை மாதிரிப் பார்த்தார்.

இந்தப் பிள்ளைக்கு நான் சொல்வது சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் உடற்கல்விப் பட்டம். பலாங்கொடை தாண்டி பெலிஹுல்ஓயாவில் கம்பஸ். கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் இதைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. அரச பல்கலைக்கழகம், படிப்புக்குக் கட்டணம் இல்லை. குடும்ப வருமானத்தைப் பொறுத்து மகாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கலாம். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், பயிற்றுவிப்பு, விளையாட்டு உளவியல் என்று படிப்பு போகும்; மைதானமும் உண்டு. உறவினர் குறையென்று சொல்லும் அந்தப் பல விளையாட்டுப் பழக்கம் அங்கே கைகொடுக்கும், ஏனென்றால் உடற்கல்வி ஆசிரியை காலையில் வலைப்பந்தும் பின்னேரம் ஈட்டியும் பழக்க வேண்டியவள். படிப்பு ஆங்கிலத்தில், இந்த இடைவெளியில் ஆங்கிலத்தைத் திருத்தட்டும், காசு அதற்குச் செலவழியுங்கள்.

பலர் கோட்டை விடுவது ஒரு இடத்தில்தான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பித்தால் மட்டும் போதாது. இந்தப் பட்டத்துக்கான உளச்சார்புப் பரீட்சைக்குத் தனியாக விண்ணப்பம் கோருவார்கள், அந்தத் திகதி தவறினால் அந்த வருடம் போய்விடும். விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் என்று வேறொரு பட்டமும் இருக்கிறது. பெயரைப் பார்த்து இரண்டையும் ஒன்றென்று எண்ண வேண்டாம்; கேட்கும் பாடங்கள் வேறு, மாணவர் கைநூலை வரிவரியாகப் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தர இசட் புள்ளி எட்டாவிட்டால், கொழும்பு டொரிங்டனில் உள்ள தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகத்தில் பயிற்றுநருக்கான டிப்ளோமா இருக்கிறது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம்.

வேலை? பட்டம் முடித்த அடுத்த நாளே அரச நியமனம் வரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். காத்திருக்க நேரலாம். ஆனால் பாடசாலைகள், பிரதேச செயலகங்களின் விளையாட்டு உத்தியோகத்தர் பதவி, வர்த்தக நிறுவன அணிகள், உடற்பயிற்சி நிலையங்கள் என்று போக வழி இருக்கிறது, தலையில் கடனும் இருக்காது.

பெரியப்பாவுக்கு மரியாதை முக்கியம் என்றால் எதிர்வீரசிங்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்த யாழ்ப்பாணத்தார், பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் எடுத்தார்.

திங்கட்கிழமை செய்ய வேண்டியது: கிழிந்த சான்றிதழை அதிபரிடம் காட்டி, அதைக் கொடுத்த இடத்திலேயே உறுதிப்படுத்திய பிரதி எடுங்கள். மற்றதெல்லாம் வருட வாரியாக ஒரு பைலில், மடிக்காமல். லண்டன் தாள்களை வீட்டில் வைத்துவிட்டு, அடுத்த முறை பிள்ளையை மட்டும் அனுப்புங்கள்.