அரசாங்கம் நியமிக்கும் விசாரணை ஆணைக்குழுக்களால் பயன் உண்டா? சாட்சி சொல்லப் போகலாமா?

நீங்களும் காணாமல் ஆக்கப்பட்ட யாரையோ தேடுகிறவர் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். பரீட்சைக்காகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

போங்கள். ஆனால் நீதிமன்றத்துக்குப் போகிற நினைப்பில் போகாதீர்கள். இலங்கையில் 1948ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க விசாரணை ஆணைக்குழுச் சட்டப்படி ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழு சாட்சிகளை அழைக்கலாம், ஆவணங்களை வரவழைக்கலாம். தண்டிக்க முடியாது. அறிக்கை ஜனாதிபதி கைக்குப் போகும். வெளியிடுவதும் லாச்சிக்குள் வைப்பதும் அவர் விருப்பம். வழக்குப் போடுவது அரசின் தலைமைச் சட்டத்தரணியான சட்டமா அதிபர்.

எங்கள் அண்ணாவை 1990இல் கொண்டு போனார்கள். பல வருஷம் கழித்து ஒரு ஆணைக்குழு திருகோணமலைக்கு வந்தபோது அம்மாவோடு நானும் போனேன். காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று, முறை வந்தது பின்னேரம் மூன்றரைக்கு. பத்து நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. "வீட்டுக்குள்ள வந்து பிள்ளையக் கொண்டு போனவங்க" என்றார் அம்மா. மொழிபெயர்த்தவர் அதைச் சிங்களத்தில், வீட்டிலிருந்து போனவர் என்று சொல்லிவிட்டார். கந்தளாயில் கடையில் நின்ற எனக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். எழும்பிச் சொன்னேன். உட்காரச் சொன்னார்கள். அடுத்த கேள்வி, வாழ்வாதார உதவி ஏதும் வேண்டுமா என்பது.

மொழிபெயர்ப்பாளரைத் திட்டுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். காலையிலிருந்து அழுகையாகவே கேட்டுக் களைத்த மனுஷன் அவர்.

அறிக்கைகளே வீண் என்பவர்களோடும் நான் சேர மாட்டேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டே நீதியரசர் உடலாகம தலைமையில் அதை விசாரிக்கும் ஆணைக்குழு வந்தது. அறிக்கை ஊர் கண்ணில் பட்டது 2015இல். கைதான 13 பேரையும் 2019 ஜூலையில் நீதவான் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவித்தது. சரி, ஆனாலும் சீருடையினருக்குத் தொடர்பு இருப்பதாகக் கருத வலுவான காரணம் உண்டு என்பது அரசாங்கத்தின் சொந்தக் காகிதத்திலேயே இருக்கிறதே! இனி யாரும் அதை அழிக்க ஏலாது.

அதனால் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். போட்டோ கொப்பியை முதல் நாளே எடுங்கள். அன்றைக்குப் பக்கத்துக் கடையில் இரட்டை விலை. கடை வாசலில் வைத்து, எங்கள் ஊர்த் தெருவில் திரியும் மான்களில் ஒன்று, அண்ணாவின் பிறப்புச் சான்றிதழ் இருந்த பொலித்தீன் பையைக் கவ்விவிட்டது. மானோடு படம் எடுக்க வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் குப்பையால் வந்த பழக்கம் அது, கேட்பாரில்லை. சிரிக்காதீர்கள், எங்கள் ஊர் ஆட்களுக்கு விளங்கும்.