சிவப்புப் பட்டனும் ஒரு சின்னக் கோடும்

கேள்வி: தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. என் மிஷின் பேனலில் எல்லாமே ஜப்பானிய எழுத்து. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் போட்டோ எடுக்க வழியில்லை. துண்டுச்சீட்டில் பார்த்து எழுதி வந்து, வீட்டில் மொழிபெயர்ப்புச் செயலியில் விரலால் வரைந்து தேடுகிறேன். சிவப்புப் பட்டனுக்குக் கீழே இரண்டு எழுத்து. இரண்டாவதற்கு ‘மேலே’ என்று வருகிறது. சரியா? சீட்டை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: ‘மேலே’ இல்லை தம்பி, ‘நில்’! சீட்டைப் பிரித்ததும் பதறிவிட்டேன். முதல் எழுத்தைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். அதோடு ‘நில்’ சேர்ந்தால் ‘தேய்ஷி’ என்ற சொல், அதாவது நிறுத்தம். இரண்டாவதில் ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது. நெட்டுக்கோடு, அதன் நடுவிலிருந்து வலப்பக்கம் ஒரு குட்டைக்கோடு, அடியில் நீளக்கோடு: இந்த மூன்றோடு நின்றால் ‘மேலே’. இடப்பக்கம் அடிக்கோட்டின் மேல் சின்னதாய் ஒரு நெட்டுக்கோடு நிறுத்தினால் ‘நில்’. பாதத்தின் வடிவத்திலிருந்து பிறந்த எழுத்து அது. நாளைக்கே பேனலில் அந்தக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஷிப்ட் இன்ஜினியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வரைந்து தேடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உச்சரிப்புத் தெரியாத எழுத்தை டைப் செய்ய முடியாது; வரையத்தான் முடியும். நான் படித்த காலத்தில், அகராதியில் எழுத்துகளை வகை பிரிக்கும் 214 அடிப்படை உறுப்புகளில் இந்த எழுத்து எதன்கீழ் வரும் என்று ஊகித்து, கோடுகளை எண்ணி, தடித்த அகராதியைப் புரட்டுவேன். ஒரே எழுத்துக்குக் கால் மணி நேரம் போகும். இன்று ஜிஷோ என்ற இணைய அகராதியிலும் வரையும் பலகை இருக்கிறது.

அந்தப் பலகைக்கு வடிவம் மட்டும் போதாது. விரல் எங்கே பட்டது, எந்தப் பக்கம் நகர்ந்தது, எங்கே எடுத்தீர்கள் என்பதும் அதற்குத் துப்பு. ‘வாய்’ என்ற எழுத்து வெறும் சதுரம்தான். நாம் ஒரே இழுப்பில் போட்டுவிடுவோம். ஜப்பானியர் மூன்று கோடாகப் போடுவார்கள்: முதலில் இடக்கோடு, மேலிருந்து கீழே, பிறகு மேல்கோடும் வலக்கோடும் கை எடுக்காமல் ஒன்றாக, கடைசியில் அடிக்கோடு. சதுரத்துக்குள் கூட்டல் குறி வந்தால் ‘வயல்’. ஹோண்டா என்ற குடும்பப் பெயரில் வரும் ‘டா’ இந்த வயல்தான். இதிலும் கூட்டல் குறியை உள்ளே போட்டுவிட்டுத்தான் அடிக்கோடு, ஆள் உள்ளே வந்தபின் கதவைச் சாத்துவதுபோல. இந்த வரிசையில் எழுதினால் நீங்கள் தேடும் எழுத்து பெரும்பாலும் முதல் சில விடைகளுக்குள் வந்துவிடும்.

சீட்டில் எழுதும்போது எந்தக் கோடு நீளம் என்பதையும் கவனியுங்கள். ஒரு நெட்டுக்கோடும் இரண்டு படுக்கைக்கோடும் உள்ள எழுத்தில் கீழ்க்கோடு நீண்டால் ‘மண்’, மேல்கோடு நீண்டால் ‘வீரன்’. ஒற்றை எழுத்தின் பொருளை நம்பி எந்தப் பட்டனையும் தொடாதீர்கள். பக்கத்து எழுத்தையும் சேர்த்தே தேடுங்கள்.

கேள்வி: என் மகள் கணித ஆய்வேட்டை லேடெக்கில் (கட்டளைகளைத் தட்டிக் கணிதக் குறிகளை அச்சிடும் மென்பொருள்) எழுதுகிறாள். சில குறிகளுக்குப் பெயரே தெரியவில்லையாம். அவற்றையும் வரைந்து தேடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக. டீடெக்ஸிஃபை என்ற தளத்தில் குறியை வரைந்தால் அதற்கான லேடெக் கட்டளையும், அதற்கு எந்தப் பேக்கேஜ் (கூடுதல் தொகுப்பு) தேவை என்பதும் வரும். மவுஸில் கோடு நடுங்கும். போனில் விரலால் வரையச் சொல்லுங்கள் அம்மா.