ஜெர்மன் இயற்கை அறிஞர் ஹம்போல்ட் கிரீன்லாந்துக்குப் போனதே இல்லையே, அங்குள்ள பனியாற்றுக்கு அவர் பெயர் எப்படி வந்தது?

பெயர் வைத்தவர் எலிஷா கென்ட் கேன், அமெரிக்கக் கடற்படை மருத்துவர். 1845இல் கிளம்பிக் காணாமல் போன ஆங்கிலேயக் கடற்பயணி பிராங்க்ளினின் கப்பல்களைத் தேடி, 1853இல் கிரீன்லாந்தின் வடமேற்குக் கரைக்குப் போனார். அவருடைய கப்பல் 'அட்வான்ஸ்' பனியில் இறுகி நின்றுவிட்டது. அப்புறம் சறுக்குவண்டிப் பயணம்தான். அப்படிப் போனவர்கள் கண்டது, கடலோரத்தில் சுமார் 100 கி.மீ. நீளத்துக்கு ஒரே பனிச்சுவர். வட அரைக்கோளத்தில் கடலில் வந்து முடியும் பனியாறுகளில் இதுவே மிக அகலமானது. கேன் தாம் மதித்த ஜெர்மன் அறிஞரின் பெயரை அதற்கு வைத்தார். ஹம்போல்ட் அப்போது உயிரோடுதான் இருந்தார், எண்பது வயதைத் தாண்டி, பெர்லினில்.

கிரீன்லாந்து மொழியில் அதன் பெயர் செர்மெர்சுவாக். பொருள், 'பெரிய பனியாறு'. அவ்வளவுதான்! பார்த்ததைச் சொல்லும் பெயர். எனக்கு இதுதான் பிடிக்கும்.

வடக்கே இன்னும் மேலே போனால் பீட்டர்மான் பனியாறு. 2010இல் சுமார் 260 சதுர கி.மீ. பனி உடைந்து மிதந்து போனதே, அதுதான். இந்தப் பெயருக்குரியவரும் ஜெர்மனியில் உட்கார்ந்து வரைபடம் போட்டவர்தான். துருவத்தைச் சுற்றிப் பனியில்லாத கடல் இருக்கிறது என்று உறுதியாக நம்பினார். கேனுக்கும் அதே நம்பிக்கை. 1854 கோடையில் அவருடைய ஆட்கள் இருவர் ஹம்போல்ட் பனியாற்றைத் தாண்டி வடக்கே போய்த் திறந்த நீரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதுதான் அந்தக் கடல் என்று கேன் முடிவு கட்டிவிட்டார். உண்மையில் அது ஒரு நீரிணையின் பனி விலகிய பகுதி மட்டும்.

போன இருவரில் ஒருவர் ஹான்ஸ் ஹென்ட்ரிக், கிரீன்லாந்து இனூயிட் வேட்டைக்காரர், அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்குமா என்பது சந்தேகம். 1855இல் மற்றவர்கள் கப்பலைக் கைவிட்டுப் படகுகளில் தெற்கே போனபோது இவர் போகவில்லை. அந்தப் பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். பிறகு மூன்று பயணக் குழுக்களோடு போனார், தம் மொழியிலேயே நினைவுகளையும் எழுதினார்.

அவர் பெயரில் இருப்பது, கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே உள்ள ஹான்ஸ் தீவு. 1.3 சதுர கி.மீ. மொட்டைப் பாறை. அதற்கும் கனடாவும், கிரீன்லாந்தைத் தன்னோடு வைத்திருக்கும் டென்மார்க்கும் பல வருஷம் மாறி மாறிக் கொடி நட்டு, கூடவே ஆளுக்கொரு மதுப்புட்டியும் வைத்துவிட்டுப் போனார்கள். 2022இல்தான் ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.