ஆறு மாத அடைப்பு

அன்புள்ள ஐயா,

அம்மா இறந்து ஏழு மாதம் ஆகிறது. கோட்டை மாரியம்மனை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது. அவர் போனதிலிருந்து எனக்கு விளக்கேற்றக் கை வரவில்லை. சாமி படத்தைப் பார்த்தாலே கோபம் வருகிறது. அப்பா நேர் எதிர். 1971 சேலம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் நடந்தவர், இப்போது தினமும் சாயங்காலம் அம்மா போன அதே கோயிலுக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ் ஏறி சேர்வராயன் கோயிலுக்கும் போய்விடுகிறார். அவர் கொள்கை தோற்றுவிட்டதா? நான் நாத்திகவாதி ஆகிவிட்டேனா? ஆன்மா என்று ஒன்று உண்டா? (அம்மா இறந்தது சதய நட்சத்திரத்தில் என்பதால் அவர் அறையை ஆறு மாதம் அடைத்திருந்தோம். போன மாதம் திறந்ததிலிருந்து மனசு இன்னும் மோசமாக இருக்கிறது.) பெயர் போட வேண்டாம்.

வாசகி, அம்மாப்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

ஆன்மாவை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம், எனக்குத் தெரியாது. நாத்திகமா ஆத்திகமா என்பதும் ஏழு மாதத்தில் முடிவு கட்டுகிற விஷயமில்லை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது என்று நம் ஊரில் வைத்திருக்கிறார்களே, அதைச் சாமியிடமிருந்து கிடைத்த லீவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு எங்கேயும் ஓடிப்போகாது.

நான் நின்றுவிட்டது அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கும் வரியில். போன வாரம்தான் சேலத்துக் குகைப் பகுதியில் ஒரு துக்க வீட்டில் பூட்டிய அறைக்கதவின் மேல் முள் செருகியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்தேன்.

இதற்குப் பெயர் தனிஷ்டா பஞ்சமி: சில நட்சத்திரங்களில் சாவு விழுந்தால் இறந்தவர் அறையை இத்தனை மாதம் அடைத்து வைக்க வேண்டும் என்கிற பஞ்சாங்கக் கணக்கு. அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரத்துக்கு ஆறு மாதம், ரோகிணிக்கு நான்கு, கார்த்திகைக்கும் உத்திரத்துக்கும் மூன்று, இன்னும் ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டிரண்டு மாதம். கூட்டிப் பாருங்கள், 27இல் 13 வருகிறது. அதாவது ஊரில் விழும் சாவில் ஏறக்குறைய பாதிக்கு ஏதாவது ஓர் அடைப்பு உண்டு, அடைப்பு முடிந்ததும் பரிகாரம் உண்டு, வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றித் தானம் உண்டு. செய்யாவிட்டால் அதே வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பார்கள். அப்போதுதான் ஒருவரைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறவரிடம் சொல்கிற சொல்லா இது? யார்தான் துணிந்து முடியாது என்பார்கள்?

எங்கள் தாத்தா தறிக்குழியிலேயே சாய்ந்தவர். வெண்பட்டு வேட்டி, பாதி நெய்தபடி நின்றது. வீட்டில் இருந்ததே இரண்டு அறை, அதில் ஒன்று தறி அறை. ஜோசியர் வந்து உத்திரட்டாதி, ஆறு மாசம் அடைப்பு என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார். தறியில் ஏற்றிய பாவு நூல் முதலாளியுடையது, வாங்கிய முன்பணம் எங்கள் தலையில், வீட்டில் ஏழு வயிறு. ஆயா ஒன்றும் பேசவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் விடியற்காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போய், உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய்ட்டே. மிச்சம் இருக்கறதுங்களுக்கு நான் சோறு போடணும். குறுக்க வராதே" என்று கத்திவிட்டு வந்து, முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குழியில் இறங்கினார். அந்த ஆறு மாதத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை நான் நிரூபணமாகச் சொல்லவில்லை. யாருக்காவது காய்ச்சல் கண்டிருந்தால்கூடச் சின்னத்தாத்தா அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டியிருப்பார்.

அப்புறம் ஆயா எந்த ஜோசியரையும் படியேற விட்டதில்லை. ஆனால் ஆடி மாதக் கூழை ஒரு வருஷமும் நிறுத்தியதில்லை. என் அப்பா அதே சாவோடு கோயிலை விட்டவர், கடைசிவரை போகவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கூழ் குடிக்க மட்டும் அப்பா முதல் ஆளாக வந்துவிடுவார்.

மாரியம்மன் நல்லவள், நம்மைக் காப்பாற்ற மட்டுமே இருக்கிறாள் என்று நம் பாட்டிகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மை முத்தைப் போட்டதும் அவள்தான், இறக்கியதும் அவள்தான். இந்தியாவில் 1975வரை பெரியம்மை இருந்தது; அதற்குப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆடியில் அதே வாசலில் பொங்கல் வைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் கோபப்பட்டார்கள், நேரில் போய்க் கத்தினார்கள். உங்களுக்கு வருவதும் அதே கோபம்தான், நீங்கள் அதற்கு நாத்திகம் என்று பெரிய பெயர் வைத்துக்கொண்டு பயப்படுகிறீர்கள்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் திட்டத்தான் போகிறேன். கொள்கை தோற்றதா என்று கேட்க இது என்ன கபடிப் போட்டியா? படித்த பெண், பஞ்சாங்கத்துக்குப் பயந்து ஆறு மாதம் அறையைப் பூட்டியிருக்கிறீர்கள், அப்பா கையிலுள்ள கற்பூரம்தான் உங்கள் கண்ணை உறுத்துகிறதா? 1933 மே மாதம் நாகம்மையார் இறந்தபோது பெரியார் கோயில் தேடிப் போகவில்லை, குடி அரசில் எழுதினார் என்று பழைய தோழர் யாராவது உங்கள் அப்பாவைக் குத்திக்காட்டலாம். அதைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் துக்கம் இல்லாமல் இல்லை. பெரியாரிடம் சொந்தப் பத்திரிகை இருந்தது, எழுதினார். உங்கள் அப்பாவுக்கு அது இல்லை, மனைவி நடந்த வழியில் சாயங்காலம் நடக்கிறார். போகட்டும் விடுங்கள். பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

அறையைத் திறந்த பிறகு மனசு இன்னும் மோசம் என்று எழுதியிருந்தீர்கள். இருக்காதா? அம்மாவின் வாசனை தலையணையிலும் புடவை மடிப்பிலும் இருந்திருக்கும், முதல் சில வாரங்களில் நீங்கள் அங்கே போய்ப் படுத்து அழுதிருக்க வேண்டும். அந்த நாட்களைத்தான் பூட்டிவிட்டார்கள். ஏழாவது மாதத்தில் பாச்சை உருண்டை வாசனைதான் மிச்சம் இருந்திருக்கும். எனக்குக் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான் வருகிறது, சாமி மேல் இல்லை.

பீரோவைத் தனியாகத் திறக்காதீர்கள். அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எந்தப் புடவை எப்போது எடுத்தது என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். பாதி தப்பாகச் சொல்வார், திருத்த வேண்டாம். பரிகாரம் என்று யாராவது மறுபடி வந்தால் என்னிடம் அனுப்புங்கள்.