தையல் மூலை: மூக்கோரம் கசியும் வெளிச்சம்

கேள்வி: நான் இரவுக் கடமை செய்யும் தாதி. காலை எட்டு மணிக்கு வீடு திரும்பி, ஒன்பது மணியளவில் நித்திரைக்குப் போகிறேன். யன்னலுக்குத் தடித்த திரை போட்டால் காற்று வராமல் அறை புழுங்குகிறது. ஆகையால், சட்டை தைத்து மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கொண்டு நானே ஒரு கண்பட்டி தைத்தேன். கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக வைத்தும் மூக்கின் இரு பக்கத்தாலும் வெளிச்சம் வருகிறது. இலாஸ்ரிக்கை இறுக்கினால் கண் அழுத்துகிறது; எழும்பிய பின்னர் சற்று நேரம் பார்வையும் மங்கலாக இருக்கிறது. எங்கே பிழை விட்டேன்?
— ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: சகோதரி, தாங்கள் துணியில் பிழை விடவில்லை, பட்டியின் வடிவத்திலேயே பிழை இருக்கிறது. கண்பட்டி தைப்பவர்களில் பெரும்பாலானோர் துணியின் தடிப்பையே யோசிக்கிறார்கள். ஆனால் நெருக்கமாக நெய்த கறுப்புப் பருத்தி இரண்டு மடிப்பு இருந்தாலே துணி வழியாக வரும் வெளிச்சம் ஏறத்தாழ நின்றுவிடும். எஞ்சிய வெளிச்சம் முழுவதும் மூக்குத்தண்டுக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தால் வருகிறது. தட்டையான துணியை எவ்வளவுதான் இறுக்கினாலும் அந்தப் பள்ளத்துக்குள் அது இறங்காது. இறுக்கத்தின் பாரம் முழுவதையும் கண்விழியே தாங்கும். பார்வை மங்குவதற்குக் காரணமும் அதுதான்: விழியின் முன்புறமுள்ள கருவிழிப் படலம் அழுத்தத்தினால் தற்காலிகமாக வடிவம் மாறுகிறது. ஆகவே இன்றிலிருந்து அந்தப் பட்டியை இறுக்கிக் கட்டுவதை நிறுத்துங்கள். இலாஸ்ரிக்கைத் தளர்த்திய பின்னரும் மங்கல் தொடர்ந்தால் கண் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நல்ல கண்பட்டி புருவ எலும்பிலும், கன்ன எலும்பிலும், மூக்கின் இரு ஓரங்களிலும் தங்கி, கண்ணுக்கு மேலே சிறு வெற்றிடம் விட்டு நிற்க வேண்டும். பட்டியின் உட்புறத்தில் அந்த இடங்களை மட்டும் சற்று உயர்த்தித் தைத்தால், வெளிச்சம், அழுத்தம் என்ற தங்களின் இரண்டு குறைகளும் ஒரே வேலையில் தீர்ந்துவிடும்.

முதலில் காகிதத்தில் அச்சு வெட்டுங்கள். வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக 20 சென்ரிமீற்றர் அகலமும் 9 சென்ரிமீற்றர் உயரமும் போதும். காகிதத்தை நடுவால் மடித்து, கீழ்ப்புறத்தில் மூக்குக்கான வளைவை வெட்டுங்கள். இந்த வளைவை ஒரேயடியாக ஆழமாக வெட்டிவிடக் கூடாது. முதலில் 2 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெட்டி, கண்ணாடி முன் நின்று முகத்தில் வைத்துப் பார்த்து, மூக்குத்தண்டில் இடிக்கும் அளவுக்கு மட்டும் மேலும் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள். ஒருவரின் மூக்கு இன்னொருவருக்கு இல்லை. கடையில் வாங்கும் பட்டிகள் பலருக்குப் பொருந்தாமல் போவதும் இந்த வளைவினால்தான். துணியை வெட்டும்போது அச்சைச் சுற்றி ஒரு சென்ரிமீற்றர் கூடுதலாகத் தையலுக்கு விடுங்கள்.

துணியைப் பற்றி ஒரு சொல். தோலில் படும் பக்கத்துக்குப் பலமுறை தோய்த்த பழைய வேட்டியையோ பருத்திச் சாரத்தையோ எடுங்கள். அது மென்மையாக இருக்கும், வியர்வையை உறிஞ்சும், சுருங்க வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே சுருங்கியும் இருக்கும். எனது தாயார் தலையணை உறை ஒன்றினுள் துண்டுத் துணிகளைச் சேர்த்து வைத்திருந்தார். பொருளாதாரத் தடை நிலவிய 1990களில், கடையில் துணி கிடைக்காத நாட்களில், எங்கள் வீட்டுத் தையல் முழுவதும் அந்த உறையிலிருந்தே நடந்தது. பழந்துணியின் அருமை அப்போதுதான் எனக்கு விளங்கியது. புதுத் துணியைப் பழந்துணியோடு சேர்ப்பதாயின், புதியதை முதலில் தோய்த்து உலர்த்தி மினுக்கிய பின்னரே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் தோய்ப்பிலேயே ஒரு பக்கம் சுருங்கிப் பட்டி கோணிவிடும். லைனிங் துணியென்று கிடைப்பவற்றில் பொலியெஸ்டரும் உண்டு. நமது வெயிலுக்கு அது முகத்தைப் புழுங்க வைக்கும். சந்தேகமிருந்தால் ஒரு நூலை உருவி, குறட்டில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு மென்மையான சாம்பலாகும். பட்டு மயிர் கருகும் மணம் தரும். பொலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணிபோல் உருளும். பட்டுச்சேலைத் துண்டு மிகவும் நல்லதுதான், ஆனால் சரிகை உள்ள இடத்தைத் தவிருங்கள், அது கண்ணிமையை உராயும்.

இப்போது முக்கியமான வேலை. வேட்டித் துணியில் வெட்டிய உட்பக்கத் துண்டை எடுத்து, இரு கண்களும் வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமாகக் குறியுங்கள். மூக்கு வளைவின் இரு பக்கமும், தையல் விளிம்பைத் தவிர்த்து, ஐந்து சென்ரிமீற்றர் நீளமும் சின்னவிரல் தடிப்பும் உள்ள இரண்டு திண்டுகளை வைத்துக் கையால் தைக்க வேண்டும். திண்டு என்பது வேறொன்றுமில்லை. மென்மையான துணியைக் குழாய்போலத் தைத்து, வெட்டி எறியும் நூல்களையும் சிறு துணித் துணுக்குகளையும் அதனுள் இறுக்கமில்லாமல் அடைத்தது. தலையணைக்குப் போடும் இலவம் பஞ்சு இதற்கு வேண்டாம், தோய்த்தால் கட்டிபட்டுவிடும். இதேபோன்று சற்று மெல்லிய திண்டொன்றைப் புருவத்தை ஒட்டி மேல் விளிம்பின் நீளத்துக்கும் வையுங்கள். கண் வட்டங்களுக்குள் எந்த அடைப்பும் வரக் கூடாது.

பின்னர் இலாஸ்ரிக். தலையின் சுற்றளவை அளந்து, அதிலிருந்து பட்டியின் 20 சென்ரிமீற்றரைக் கழியுங்கள். 56 சென்ரிமீற்றர் தலைக்கு 36 மிஞ்சும். அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, இரு முனையிலும் தையலுக்காக ஒவ்வொரு சென்ரிமீற்றர் சேர்த்தால், 34 அல்லது 35 சென்ரிமீற்றர் போதுமானது. ஒடுங்கிய நாடா காதோரத்தை வெட்டும் என்பதால், இரண்டு சென்ரிமீற்றர் அகலமானதை வாங்குங்கள்.

உட்பக்கத் துண்டையும் முகப்புத் துண்டையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, முகப்பின் பின்னால் கறுப்புத் துணி இரண்டு மடிப்பையும் சேர்த்து, இலாஸ்ரிக்கின் இரு முனைகளையும் இடையில் செருகி, குண்டூசி குத்திச் சுற்றித் தையுங்கள். இலாஸ்ரிக்கின் நடுப்பகுதி தையலில் அகப்படாதபடி உள்ளே சுருட்டி வைக்க வேண்டும். மேல் விளிம்பில் ஆறு சென்ரிமீற்றர் தைக்காமல் விடுங்கள். மூக்கு வளைவில், தையலை அறுத்துவிடாமல், விளிம்புத் துணியில் சிறு வெட்டுகள் இட்ட பிறகே திருப்ப வேண்டும். அந்த வெட்டுகள் இல்லாவிட்டால் வளைவு சுருங்கி நிற்கும், இத்தனை நேரமும் பட்ட பாடு வீணாகும். திறந்த இடத்தைக் கைத்தையலால் மூடி, பகலில் யன்னலடியில் நின்று அணிந்து பாருங்கள். எந்தப் பக்கத்தால் வெளிச்சம் தெரிகிறதோ அந்தப் பக்கத் திண்டை மட்டும் சற்றுத் தடிப்பாக்கினால் போதும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பார்ப்பதற்கான கலங்களைத் தவிர, பகலா இரவா என்பதை மூளைக்கு உணர்த்தும் வேறொரு வகைக் கலங்களும் நமது விழித்திரையில் இருப்பதை ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தியுள்ளனர். வெளிச்சம் பட்டால், நித்திரைக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலற்றோனின் சுரப்பு குறைகிறது. மூடிய இமையும் ஓரளவு வெளிச்சத்தை உள்ளே விடும். இரவு முழுவதும் நோயாளிகளுக்காகக் கண்விழித்தவர் பகலிலேனும் இருளில் உறங்க வேண்டும் என்பது எனது உறுதியான எண்ணம்.

கேள்வி: எனது தாயாருக்கு அண்மையில் கண்புரைச் சத்திரசிகிச்சை நடந்தது. வெளிச்சம் கூசுகிறது என்கிறார். அவருக்கும் ஒரு கண்பட்டி தைத்துக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், சாவகச்சேரி

பதில்: இப்போது வேண்டாம். சத்திரசிகிச்சை செய்த கண்ணில் துணி அழுத்தவோ உராயவோ கூடாது. நித்திரையின்போது அணியக் கொடுக்கப்படும் கெட்டியான பிளாஸ்ரிக் மூடி, கண்ணைத் தொடாமல் காப்பதற்கானது. அதற்குப் பதிலாகத் துணிப்பட்டி உதவாது. கூச்சம் கூடினாலோ, வலியோ சிவப்போ இருந்தாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் எந்தப் பட்டியும் அணியக் கூடாது.

கேள்வி: ஒரே கண்பட்டியை வீட்டில் இருவர் மாறி மாறி அணியலாமா?
— ஒரு வாசகி, பருத்தித்துறை

பதில்: கூடாது. கண்ணோய் வீட்டில் பரவுவதற்கு அதுவே வழியாகும். ஆளுக்கு இரண்டு தைத்து, வியர்க்கும் நாட்களில் ஒன்றுவிட்ட ஒரு நாள் சவர்க்காரத்தில் கையால் தோய்த்து, நன்றாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் இலாஸ்ரிக் விரைவில் தளர்ந்துவிடும். சிறு குழந்தைகளுக்கு மாத்திரம் தைக்காதீர்கள், நித்திரையில் நாடா கழுத்துக்கு இறங்கிச் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.