அணிந்து பார்க்காமலே ஒரு ஹோல்ஸ்டரை வேண்டாம் என்று சொல்லலாமா?

அன்புள்ள தம்பி,

கிரீன் கார்டு கிடைத்த பிறகு பயிற்சி வகுப்பை முடித்து, சிறிய 9 எம்எம் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்குப் புதிதாக விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு ஹோல்ஸ்டரை (துப்பாக்கி உறை), உடன் பணிபுரியும் நண்பர் ஒரு வார இறுதிக்கு இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெல்ட் தேவையில்லை, மெல்லிய துணியால் ஆனது, உள்ளே தைத்திருக்கும் காந்தம் துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ளும், நாடா வைத்த அரைக்கால் சட்டையோடும் அணியலாம் என்று விளம்பரம் சொல்கிறது. சுடும் பயிற்சிக்கூடத்தில் மூத்தவர்கள் சிலர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், படத்தைக் கண்டதுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டதில் உங்களுக்கு வருத்தம். அணிந்து பார்க்காமல் ஒரு புதிய வடிவமைப்பைக் குறை சொல்வது நியாயமா என்று கேட்கிறீர்கள்.

நியாயம்தான். ஆனால் அது குறை சொல்வதற்கு மட்டுமே பொருந்தும். ஒரு ஹோல்ஸ்டர் ஆபத்தானது என்பதை அணியாமலே சொல்லிவிட முடியும். அது நமக்கு ஏற்றது என்பதை அணியாமல் யாராலும் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்வதால்தான், பயிற்சிக்கூடத்துப் பெரியவர்கள் பிடிவாதக்காரர்களாக உங்களுக்குத் தெரிகிறார்கள்.

ஹோல்ஸ்டரின் முதல் வேலை துப்பாக்கியை மறைப்பதாக விளம்பரங்கள் காட்டுகின்றன. உண்மையில் அதன் முதல் வேலை, உங்கள் கை துப்பாக்கியில் இல்லாத நேரம் முழுவதும் விசையை (ட்ரிகர்) எதுவும் தொடாமல் பார்த்துக்கொள்வது. இன்று மறைத்து எடுத்துச் செல்லப் பலரும் வாங்கும் கைத்துப்பாக்கிகளில், 1980களில் புகழ்பெற்ற க்ளாக் வகையைப் பின்பற்றி, விரலால் தள்ளி விடுவிக்கும் தனிப் பாதுகாப்புப் பூட்டு பெரும்பாலும் இருப்பதில்லை. விசையைச் சுமார் இரண்டரை கிலோ பலத்தோடு இழுத்தால் அவை சுட்டுவிடும். இழுப்பது விரலா, சட்டையின் ஓரமா, குளிர்ச்சட்டையின் நாடா முனையில் தொங்கும் பிளாஸ்டிக் உருண்டையா என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. ஆகவே விசையையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் வளையாத, அழுந்தாத ஒரு பொருள் முழுமையாக மூடியிருக்க வேண்டும். படத்தில் துணிதான் மூடுகிறது என்று தெரிந்தால் அதற்கு மேல் அணிந்து பார்க்க ஒன்றுமில்லை.

இதை ஒரு பயிற்சி வகுப்பில் கண்ணெதிரே செய்து காட்டினார்கள். பயிற்சியாளர் தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினை அகற்றினார். துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்துத் தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை உள்ளே விட்டும் உறுதி செய்துகொண்டார். எங்களில் ஒருவரையும் பார்க்கச் சொன்னார். பிறகு ஸ்லைடை விட்டு, அந்தத் துப்பாக்கியை ஒரு துணி ஹோல்ஸ்டருக்குள் வைத்து, பாதுகாப்பான திசை நோக்கிப் பிடித்தபடி வெளிப்புறத்திலிருந்து கட்டைவிரலால் துணியை அழுத்தினார். உள்ளிருந்து 'க்ளிக்' என்ற சத்தம் கேட்டது. அதையே கைடெக்ஸ் எனும் கடினமான பிளாஸ்டிக்கால் அந்தத் துப்பாக்கிக்கென்றே வார்த்த ஹோல்ஸ்டரில் வைத்து, முழு பலத்தோடு அழுத்தியபோது எதுவும் நடக்கவில்லை. இந்தச் சோதனைக்கு ஒருவரும் எதையும் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய விளம்பரப் படங்களில் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. துப்பாக்கியை உருவிய அடுத்த படத்தில் துணியின் வாய் சுருங்கி மூடிக்கொண்டிருக்கிறது. மீண்டும் உள்ளே வைக்க வேண்டுமானால் இடது கையால் அந்த வாயைத் திறந்து பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கும்போது இடது கையின் விரல்கள் குழல் முனைக்கு நேரே வந்துவிடும். எதிர்பாராமல் சுட்டுவிடும் விபத்துகளில் கணிசமானவை உருவும்போது நிகழ்வதில்லை, திரும்ப வைக்கும்போதுதான் நிகழ்கின்றன. வயிற்றுப் பக்கம் முன்னால் வைத்துக்கொள்பவருக்குக் குழல் முனை சுட்டும் இடத்தில் தொடையின் பெருந்தமனி இருக்கிறது என்பதைச் சேர்த்து யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, ஹோல்ஸ்டரை உடலோடு பிணைப்பது எது என்பது. பெல்ட் இல்லாமல் நாடாவோடு மட்டும் நிற்கும் உறை, அவசரத்தில் துப்பாக்கியை இழுக்கும்போது தானும் கூடவே வந்துவிடலாம். அப்போது உங்கள் கையில் இருப்பது உறை மாட்டிய துப்பாக்கி.

"என் நண்பர் ஆறு மாதமாக அணிகிறார், ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த வரி அதுதான். இடுப்பில் குத்துகிறதா, சட்டைக்கு மேல் புடைக்கிறதா, காரில் உட்காரும்போது வலிக்கிறதா என்பதெல்லாம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான தடவை உள்ளே வைத்து எடுப்பதில் என்றோ ஒருமுறை நேரும் தவறு, ஆறு மாதத்திலும் தெரியாமல் போகலாம், ஆறு வருடத்திலும் தெரியாமல் போகலாம். ஒன்றும் ஆகவில்லை என்பது அந்த நபரின் நல்ல காலத்தைச் சொல்கிறதே தவிர, பொருளின் தரத்தைச் சொல்லவில்லை. கசியக்கூடிய ரெகுலேட்டரை சிலிண்டரில் மாட்டி ஒரு மாதம் சமைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று நம் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். இப்படிப்பட்ட ஆபத்தை அனுபவத்தால் அளக்க முடியாது, அமைப்பைப் பார்த்துத்தான் அளக்க முடியும்.

பிளாக்ஹாக் நிறுவனத்தின் செர்பா என்ற ஹோல்ஸ்டர் இதற்கு நல்ல உதாரணம். ராணுவத்தினர் உட்படப் பெருந்தொகையானோர் அதைப் பயன்படுத்தினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒரு குறையும் நேரவில்லை. ஆனால் அதன் பூட்டைத் திறக்கச் சுட்டுவிரலால் ஒரு பொத்தானை உள்நோக்கி அழுத்த வேண்டும். பதற்றத்தில் பலமாக அழுத்தும் விரல், துப்பாக்கி வெளியே வரும்போது அதே வேகத்தில் வளைந்து விசையின் மேல் போய் நிற்கக்கூடும் என்று அமைப்பை ஆராய்ந்தவர்கள் எச்சரித்தார்கள். சிலர் தங்கள் காலிலேயே சுட்டுக்கொண்ட பிறகு, பல பயிற்சிப் பள்ளிகள் அந்த ஹோல்ஸ்டரோடு வருபவர்களை அனுமதிப்பதையே நிறுத்திவிட்டன. சஃபாரிலாண்ட் நிறுவனத்தின் ஏஎல்எஸ் பூட்டு அதே வேலையைக் கட்டைவிரலுக்குக் கொடுக்கிறது. கட்டைவிரல் விசைப் பக்கம் போவதே இல்லை. வேறுபாடு இவ்வளவுதான், இதைப் படத்திலேயே பார்த்துவிடலாம்.

சில வடிவமைப்புகளை முயன்று பார்ப்பதே சட்டச் சிக்கல் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பணப்பை போலத் தோற்றமளித்து, உள்ளே வைத்தபடியே சுடக்கூடிய சில உறைகளைத் துப்பாக்கியோடு சேர்த்து, 1934ஆம் ஆண்டின் தேசிய ஆயுதச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டிய தனி வகை ஆயுதமாகவே அமெரிக்க மத்திய அரசின் துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் ஏடிஎஃப் துறை கருதுகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு இதில் விளையாட்டே கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்குத் துப்பாக்கி தொடர்பான குற்றத் தீர்ப்பு ஒன்று வந்தால், குடிவரவுச் சட்டப்படி அது நாடு கடத்தலுக்கே காரணமாகலாம். எச்1பி, எச்4, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற குறுகிய விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியையும் தோட்டாவையும் வைத்திருக்கவே மத்திய சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே அந்த நிலையில் உள்ள உங்கள் அறைத் தோழரிடம் இதைக் கையில் கொடுத்துக் காட்டவும் வேண்டாம். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் 21 வயது நிறைந்த, சட்டத் தடை இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்றாலும், அது வெளியே தெரிந்தால் ஹோல்ஸ்டருக்குள் இருக்க வேண்டும். அந்த ஹோல்ஸ்டர் நல்லதா கெட்டதா என்று சட்டம் பார்ப்பதில்லை. அந்தப் பொறுப்பு முழுவதும் உங்களுடையது.

தமிழ்நாட்டில் வளர்ந்த நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைக் காவலரின் தோளிலும் வங்கி வாசலிலும்தான் பார்த்திருக்கிறோம். இங்கே உங்களோடு பணிபுரியும் சிலருக்குத் தாத்தாவோ தகப்பனாரோ சிறுவயதிலேயே கற்றுக்கொடுத்த பழக்கம் நமக்குக் கிடையாது என்பதால், விளம்பரம்தான் நம் முதல் ஆசிரியராக வந்து நிற்கிறது. அந்தப் பெரியவர்கள் படத்தைப் பார்த்ததும் சொன்ன ஒரு சொல்லுக்குப் பின்னால், எங்கே விசை, எங்கே விரல், எங்கே குழல் முனை என்று கண் தானாகத் தேடிப் பழகிய நீண்ட காலம் இருக்கிறது. அவர்கள் காரணத்தைப் பொறுமையாக விளக்கியிருக்கலாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

கைப்பை போன்ற, உடலில் இல்லாத உறைகளைப் பற்றியும் உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். 2014 டிசம்பர் இறுதியில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் என்ற ஊரில், கடையில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை, தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்து, அது சுட்டுத் தாய் இறந்துபோனார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனிப் பகுதி வைத்துத் தயாரித்த பை அது. குழந்தை இருக்கும் வீட்டில் இந்த வகையை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், அணிந்து பார்த்தீர்களா என்று யார் கேட்டாலும் சரி.

இனி அணிந்து பார்த்துத்தான் தீர வேண்டிய விஷயங்களுக்கு வருகிறேன், ஏனெனில் இங்கே பார்வை நம்மை ஏமாற்றிவிடும். சில ஹோல்ஸ்டர்களில் விசைப் பகுதிக்குப் பக்கத்தில் இறக்கை போல ஒரு சிறு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்கு அது புடைப்பைக் கூட்டும் என்றே தோன்றும். ஆனால் பெல்ட் அந்தத் துண்டை அழுத்தும்போது துப்பாக்கியின் கைப்பிடி உடலை நோக்கித் திரும்பி நன்றாக மறைந்துவிடுகிறது. குழல் முனைப் பக்கம் ஒட்டும் நுரை ஆப்பும் அப்படித்தான்: அடிப்பகுதியை வெளியே தள்ளி, மேற்பகுதியை வயிற்றோடு சாய்க்கிறது. மெலிந்த உடலுக்கும் சற்றே தொந்தி விழுந்த உடலுக்கும் இவை ஒரே மாதிரி அமைவதில்லை. உயரம், சாய்வு, முன்பக்கமா வலப்பக்கமா என்பதையெல்லாம் உங்கள் இடுப்புதான் முடிவு செய்ய வேண்டும். முதுகின் நடுவில் மட்டும் வேண்டாம். மல்லாந்து விழுந்தால் முதுகெலும்பின் மேல் இரும்பு இருக்கும்.

நம் வாழ்க்கைக்கென்று சில சோதனைகளும் உண்டு. நண்பர் வீட்டில் சம்மணமிட்டுச் சாப்பிட உட்காருவீர்கள், பெரியவர்கள் காலில் விழுவீர்கள், குழந்தையை இடுப்பில் தூக்குவீர்கள். இவற்றில் எதுவும் அமெரிக்க விளம்பரத்தில் வராது. கோயிலுக்குப் போகும்போது நான் துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்திலேயே வைத்துவிடுகிறேன். ஆனால் வழியில் எங்காவது கழற்றிக் காரின் பூட்டுப் பெட்டியில் வைக்க நேர்ந்தால், துப்பாக்கியை உருவாமல் ஹோல்ஸ்டரோடு சேர்த்தே கழற்ற முடிய வேண்டும். விசை கடைசிவரை மூடியே இருக்கும் என்பதால், எளிதில் கழலும் உறுதியான கிளிப்புக்கு நான் தனி மதிப்பு தருகிறேன். 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி, சுடத் தயாரான துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைப்பது டெக்சாஸில் குற்றம் என்பதையும் மனதில் கொள்ளுங்கள்.

ஆகவே நண்பரின் ஹோல்ஸ்டரை நன்றி சொல்லி வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். முடிந்தால் அந்தக் கட்டைவிரல் சோதனையை, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, அவருக்கும் செய்து காட்டுங்கள். உங்கள் துப்பாக்கியின் மாதிரிக்கென்றே வார்த்த எளிய கைடெக்ஸ் ஹோல்ஸ்டர் ஒன்றும், எடையில் தொய்யாத பெல்ட் ஒன்றும் வாங்குங்கள். பெல்ட்டில் பணத்தைச் சுருக்க வேண்டாம், வசதிக் குறைவு என்று மக்கள் சொல்வதில் பாதி பெல்ட்டினால் வருவது. துப்பாக்கியில் விளக்கு பொருத்தும் எண்ணம் இருந்தால் இப்போதே முடிவு செய்யுங்கள். விளக்கோடு வார்த்த உறைகளின் வாய் அகலமாக இருப்பதால், விசை வளையத்துக்கு மேலிருந்து விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா என்று வாங்குமுன் கேட்டறிய வேண்டும். காலித் துப்பாக்கியை உள்ளே வைத்து, மெத்தையின் மேல் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள், விழக்கூடாது. பிறகு சில வாரம் மாலை நேரங்களில் வீட்டுக்குள்ளேயே தோட்டா இல்லாமல் அணிந்து, உட்கார்ந்து எழுந்து, காரில் சீட் பெல்ட் மாட்டிப் பாருங்கள். குத்தினால் உடனே வேறு வாங்காமல், உயரத்தையும் சாய்வையும் திருகாணியில் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். அதன் பிறகு பயிற்சியாளர் முன்னிலையில் தோட்டாவோடு பழகலாம். உள்ளே வைக்கும்போது சட்டையை ஒதுக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாக வையுங்கள்.

துப்பாக்கியின் மாதிரியையும் உங்கள் இடுப்பு அளவையும், எந்தப் பக்கம் வைக்க விருப்பம் என்பதையும் எழுதினால், எந்த அமைப்பிலிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.