கேளுங்கள், சொல்கிறேன்: விற்கிற வீட்டின் முகம்

கேள்வி: ஐயா, 20 வருடம் குடியிருந்த வீட்டை விற்கப்போகிறோம். முன்சுவர் முழுக்க அலங்காரக் கல் பதித்தால் நல்ல விலை போகும் என்கிறார் தரகர். ‘வாங்குகிறவர் இடித்துக்கூடக் கட்டுவார், நாம் எதற்குச் செலவழிக்கணும்’ என்கிறார் என் கணவர். கேட் துருப்பிடித்திருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே சுவர் வெள்ளையாகப் பூத்து உதிர்கிறது. பெயின்ட் அடித்தால் போதுமா?

பதில்: கல்லை விடுங்கள் அம்மா. ஜன்னலுக்குக் கீழே பூத்திருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வீட்டில் முதல் வேலை அதுதான்.

பெயின்டிங் கான்ட்ராக்ட்டில் நான் சூடுபட்டதே அப்படி ஒரு சுவரில்தான். விற்கிற வீடு, உரிமையாளருக்கு அவசரம். சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் அடித்துக் கொடுத்துவிட்டேன். சுவர் பளபளவென்று இருந்தது. ஐந்தாவது வாரம் அதே இடத்தில் அம்மைக் கொப்புளம் மாதிரி கிளம்பியது. வீடு பார்க்க வந்த பெரியவர் ஒருவர் அந்தக் கொப்புளத்தைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறினார். பெயின்ட் தோலாக உரிந்து வந்தது, உள்ளேயிருந்த வெள்ளைப் பொடி அவர் செருப்பில் கொட்டியது. மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாக்கிக் கூலியைக் கேட்க எனக்கும் முகமில்லை.

அந்தப் பொடி உப்பு. செங்கல்லிலும் சிமென்ட் கலவையிலும் இருக்கிற உப்பை, உள்ளே இறங்கிய தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். மேலே பெயின்ட் பூசி வழியை அடைத்தால், உப்பு பின்னாலிருந்தே பெயின்ட்டைத் தள்ளும். அதனால் முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஜன்னலின் கீழ்த்திட்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே ஓடினால் சரி. சட்டத்தை நோக்கி வந்தாலோ ஓரத்து விரிசலில் இறங்கினாலோ ஆளைப் பிடித்துவிட்டீர்கள். அப்புறம் மேலே சன்ஷேடின் அடிப்பக்கம். முன்விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு காடி, அதாவது சிறு பள்ளம், விட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் கீழே சொட்டாமல் அடியோடு ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். மழைநீர்க் குழாயின் இணைப்பு, சுவரை ஒட்டிக் குவிந்த மண், பூந்தொட்டி எல்லாவற்றையும் ஒரு நோட்டம் விடுங்கள்.

கசிவை அடைத்த பிறகு உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். பிறகு காய விட வேண்டும், இங்கேதான் எல்லாருக்கும் பொறுமை போய்விடுகிறது. ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். உள்பக்கம் ஈரம் கோத்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். புதிதாகச் சிமென்ட் பூசிய இடமென்றால் 28 நாள் காத்திருப்பது நல்லது. அதன்பின் வெளிச்சுவர் பிரைமர் ஒன்று, வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட்டிங். உள்ளே அடித்து மிஞ்சியதை வெளியே அடிக்கிற சிக்கனம் மட்டும் வேண்டாம்.

நிறம் வெளிறியதாக இருக்கட்டும். அட்டையில் சாதுவாகத் தெரிகிற நிறம் சுவரில் ஏறினால் சத்தம் போடும். மூன்றடிக்கு மூன்றடி அடித்து, காலையிலும் மாலையிலும் எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள். உங்களுக்குப் பிடித்த கத்திரிப்பூ நிறத்தை அடுத்த வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேட் ஒரு நாள் வேலை. வருகிறவர் கை முதலில் படுவது அதில்தான். கம்பி பிரஷ், உப்புத்தாள், துருவைத் தடுக்க ரெட் ஆக்ஸைடு பிரைமர், எனாமல் இரண்டு கை. கீலுக்கு எண்ணெய் விட மறக்காதீர்கள். கிரீச்சிடுகிற கேட்டுக்கு எந்த நிறம் அடித்தும் பிரயோசனமில்லை.

உங்கள் கணவர் சொல்வதும் பாதி சரிதான். இடித்துக் கட்டுகிறவர் மனையைத்தான் பார்ப்பார், அவருக்குக் கல்லும் ஒன்றுதான் பெயின்ட்டும் ஒன்றுதான். ஆனால் குடியேற வருகிறவர், சுவரில் ஈரத்தைப் பார்த்ததும் பார்க்காத இடத்தையெல்லாம் சந்தேகப்படுவார்.

கேள்வி: சுவரில் படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல். பட்டி வைத்து மறைத்துவிடலாமா?

பதில்: கூடாது. பூச்சில் மட்டும் ஓடுகிற மயிரிழை விரிசலென்றால் அடைத்துவிட்டு அடிக்கலாம். செங்கல் வரிசையைப் பிடித்துப் படிப்படியாக ஏறுவது அஸ்திவாரம் அசைந்ததாலும் இருக்கலாம். கட்டுமானப் பொறியாளரிடம் காட்டி, அவர் சொன்னதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க வருகிறவர் கேட்பதற்கு முன்பே அந்தத் தாளை நீட்டுங்கள். பட்டி வைத்து மறைத்த கோடு சாய்ந்த வெயிலில் தழும்பு மாதிரி தெரியும், அதைப் பார்த்த பிறகு நீங்கள் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது.

கேள்வி: விளம்பரத்துக்கு வீட்டைப் படம் எடுக்கப்போகிறேன். ஏதாவது யோசனை?

பதில்: முன்பக்கத்தில் வெயில் விழுகிற நேரமாகப் பார்த்து எடுங்கள். அதற்கு முன் கொடியில் காயும் துணி, குப்பைத்தொட்டி, வாசலில் நிற்கிற வண்டி மூன்றையும் அப்புறப்படுத்துங்கள். சுவரில் தொங்குகிற பழைய கேபிள் ஒயரும் போகட்டும். அது எதற்குப் போட்டது என்று உங்களுக்கே நினைவிருக்காது.